ஆள் இங்கே, அட்டை அங்கே

அரசுக் காப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் தொழிலில், கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் பதினோரு வருடமாக இப்படி நம்பவைத்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும், பிள்ளைகளோடு இருக்கக் கடல் தாண்டப் போகும் பென்ஷன்காரர்களும் வந்து உட்கார்ந்தால் மட்டும் என் சாயம் வெளுத்துவிடும். கையில் ஃபைலோடு நின்று, "இது இங்க இல்ல, அந்த ஆபீஸு" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய புண்ணியவான்களே, கவுன்டருக்கு இந்தப் பக்கமும் அதே கதிதான்.

சிரித்த முகம்

மல்லாங்கிணறிலிருந்து ஒரு பெண் வந்தாள். காப்பீட்டு அட்டைக்குக் குடும்பமே நேரில் போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டையும் தலைசீவிக் கூட்டி வந்திருந்தாள். வீட்டுக்காரர் எங்கே என்றேன். "இந்தா வாராக" என்று போனை எடுத்து வீடியோ காலைப் போட்டாள். மஸ்கட்டில் ஏதோ ஒரு கட்டடத்தின் மேலிருந்து, மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு மனிதர் சிரித்தார்.

போனை என் கேமராவுக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு, "எடுங்க" என்றாள். படம் எடுப்பது இங்கே இல்லை, அதற்கு வேறு இடம், அங்கேயும் ஆள் நேரில் நிற்க வேண்டும் என்று மூன்று தடவை விளக்கினேன். மூன்றாம் தடவை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் கையை இறக்கவே இல்லை.

"நேர்ல வந்தா இம்புட்டுச் சிரிச்ச மூஞ்சியா இருக்க மாட்டாகக்கா. இப்பவே எடுத்துருங்க."

இரண்டு அட்டைக்கு நடுவில்

மாடசாமி அண்ணன் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அரபு நாட்டில் கம்பி கட்டும் வேலைக்குப் போய் இருபத்திரண்டு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவு. இந்தத் தடவை வந்தவருக்கு நெஞ்சு வலி. மதுரையில் பார்த்த டாக்டர் இரண்டு இடத்தில் அடைப்பு என்றும், மாதக் கடைசிக்குள் சரிசெய்ய வேண்டும் என்றும், அதுவரை விமானம் ஏறவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். மனைவி பாண்டியம்மாள் மதினியோடு என் கடைக்கு வந்தார்.

பையிலிருந்து அவர் எடுத்துவைத்தது கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை. அது அந்த நாட்டு எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். விசா இன்னும் இருபது நாள் இருந்தது. அங்கே போய்ப் படுத்துவிட்டால் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆனால் போகக் கூடாது. வெளிநாடு போகிறவர்களுக்கென்று இருக்கிற இன்னொரு காப்பீட்டை, முதல் தடவைக்குப் பிறகு அவர் புதுப்பிக்கவே இல்லை. எழுபது வயதுக்கு மேலானவர்களுக்கான அட்டையைக் கேட்கலாமென்றால் அண்ணனுக்கு ஐம்பத்தெட்டுதான். மிச்சம் இருந்தது நம் ஊர் அரசுக் காப்பீடு ஒன்று. அதற்கு முதலில் ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். கார்டு எண்ணைத் தட்டினேன். மதினி பெயர் இருந்தது, மகன் பெயர் இருந்தது, மகள் பெயர் இருந்தது. அண்ணன் பெயர் இல்லை.

அண்ணன் கம்பெனி அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"ரேஷன் அரிசியில எனக்குப் பங்கு வேணாம் தங்கச்சி. உசுரு நிக்கிறதுக்கு ஒரு ஓரமாப் பேரு இருந்தாப் போதும்."

பெயரை எடுத்தது யார்

அந்த நேரம் பெஞ்சில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் காத்திருந்தார். மகன் வீட்டுக்கு, வெளிநாட்டுக்கு, ஆறு மாதம் போகிறவர். பென்ஷன்காரர்களுக்கான காப்பீடு அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுத்தால் பழைய சர்க்கரைக்கும் பழைய பிரஷருக்கும் பொறுப்பில்லை என்கிறார்கள். புதிதாக ஏதாவது வந்தால்தான் உண்டு. அதையே வேறு வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தவர், மாடசாமி அண்ணன் பக்கம் திரும்பி, "பேரு தானா எப்படிப் போகும்? யாராவது எழுதிக் குடுத்தாத்தான போகும்? அந்த ஆளப் புடிங்க" என்று யோசனை சொன்னார்.

மதினி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். சில வருடத்துக்கு முன்னால் அவர்கள் ஊரில் ஒரு புரளி. வெளிநாடு போனவர் பெயர் கார்டில் இருந்தால் வீட்டுக்கே அரிசி நின்றுவிடுமாம். பயந்துபோன பெண்கள் பன்னிரண்டு பேர், அவரவர் வீட்டுக்காரர் பெயரை நீக்கிவிட ஒரே ஷேர் ஆட்டோவில் டவுனுக்கு வந்திருக்கிறார்கள். புருஷன்மாரிடம் ஒருத்தியும் கேட்கவில்லை.

"எந்தக் கடையில போட்டீங்க மதினி? கொஞ்சமாவது விவரம் சொல்ல வேண்டாமா அந்த ஆளு?" என்று எகிறினேன். மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கதான் தங்கச்சி. பன்னெண்டு பேரும் ஒண்ணா வந்தோம்னு டீ கூட வாங்கிக் குடுத்தீகளே."

நீக்கல் சான்று

அன்று ராத்திரி நேரத்துக்குக் கடையைப் பூட்டவில்லை. பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் "வேறு ஊரில் குடியேறிவிட்டார்" என்று நானே தட்டியிருக்கிறேன். பட்டியலில் அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனாலும் வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் கடையை மூடிவிட்டு நானே அவர்களோடு ரேஷன் கார்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், விதியை வாசித்தார். வேறு ஊரில் குடியேறியவர் திரும்பிப் பெயர் சேர்க்க வேண்டுமென்றால், அந்த ஊர் ரேஷன் கார்டில் பெயரை நீக்கியதற்குச் சான்று வேண்டும். அந்த ஊர் எது என்றார். அண்ணன் நாட்டின் பெயரைச் சொன்னார். அதிகாரி விதியை இன்னொரு தடவை வாசித்தார். அதையே கேட்க மறுபடி மறுபடி நடந்ததில் விசாவில் ஆறு நாள் கழிந்தது, டாக்டர் சொன்ன கெடுவிலும்தான்.

"சார், நான் இருந்த எடத்துல குடிக்கிற தண்ணியே கேன்லதான் வருது. ரேஷன் கடைக்கு நான் எங்கிட்டுப் போக?"

இங்கே குடியிருப்பவர் யார்

கடைசியில் அதிகாரியே வழி சொன்னார். வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு நேரில் வருவார். அண்ணன் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் நாலு பேர் சொன்னால் போதும், அன்றைக்கே சேர்த்துவிடலாம். இதில் என்ன தப்பு நடந்துவிடப்போகிறது என்று நானும் ஸ்கூட்டியில் அவர் பைக்குக்குப் பின்னாலேயே போனேன். அதுதான் தப்பு.

தெருவில் என்னைப் பார்த்த பெண்களுக்கு முகம் வெளிறிவிட்டது. பெயர் நீக்கிக் கொடுத்தவளையே அதிகாரி கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார் என்றால், பழைய விவகாரம்தானே? "மாடசாமின்னு ஒருத்தர் இங்க குடியிருக்காரா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், "இல்ல சார், அவரு இங்க இல்லவே இல்ல, கப்பலேறிப் பல வருசமாச்சு" என்று ஒருத்தி முந்திக்கொண்டாள். அடுத்தவள், "மூஞ்சியே மறந்துபோச்சு சார்" என்றாள். பாண்டியம்மாள் வீட்டு அரிசியைக் காப்பாற்றியே தீருவது என்று தெருவே கங்கணம் கட்டிக்கொண்டது. நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். இன்னும் அழுத்திச் சொல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். மதினியோ தெருமுனைக் குழாயில் தண்ணீருக்கு நின்றார்.

சத்தம் கேட்டு அண்ணன் நெஞ்சில் கையை வைத்தபடி வெளியே வந்தார். ஆபீஸில் பார்த்த முகம்தான், ஆனாலும் விதிப்படி நீங்கள் யார் என்றார் அதிகாரி. அண்ணன் பெண்களைப் பார்த்தார். அத்தனை பேரும் தனக்காகப் பொய் சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்பது அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. அவர்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "நான்... விருந்தாளியா வந்தவன் சார்" என்றார். நான் பைக்குள் பழைய விண்ணப்பத்தைத் தேட ஆரம்பித்தேன். அதிகாரி பேனாவை மூடப் போனார். நிறைகுடத்தைக் குழாயடியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த மதினி, மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றார்.

"அவுக சொல்றது நெசந்தான் சார். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க, ரெண்டு மாசம், இருவத்திரெண்டு வருசமா விருந்தாளியாத்தான் வந்துட்டுப் போறாக. இனிமே எங்க வீட்டு ஆளுன்னு எழுதிக்கங்க."

பெயர் ஏறி, அட்டை வந்து, அடைப்பு நீங்கி மாடசாமி அண்ணன் இப்போது தெருமுனைக் குழாய் வரை நடக்கிறார், மிச்சப் பதினோரு பெண்களும் புருஷன் பெயரைத் திரும்பச் சேர்க்க என் கடை வாசலில் நிற்கிறார்கள், இந்தத் தடவை டீ வாங்கிக் கொடுப்பதா வேண்டாமா என்றுதான் எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது.