மூன்று தவணையில் வந்த செய்தி

நபீல் இறந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமையே இறந்திருக்கிறான். எனக்கு வியாழக்கிழமைதான் சொன்னார்கள். அதில் குற்றம் சொல்ல ஏதும் இல்லை... அவர்கள் வீட்டு முறை அப்படி.

இதைப் படிக்கும் பலருக்கு அவனைத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாவது மாடி அபார்ட்மென்ட் ஒன்றில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். நான் திருச்சியிலிருந்து இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு வந்தவன். அவன் கெய்ரோவிலிருந்து வந்த, வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன்; எகிப்தின் பழைய காப்டிக் சபைக் கிறிஸ்தவன்.

எங்களைச் சேர்த்து வைத்தது தத்துவம் அல்ல, சமையலறை. அவர்கள் சபையில் வருடத்தில் பாதிக்கு மேல் விரதம். விரத நாளில் கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. மொச்சை மாதிரி ஒரு பயறும் பருப்பும்தான். சைவச் சாப்பாட்டுக்காரனுக்கு அன்றைய மொன்ட்ரியாலில் இதைவிட நல்ல ரூம்மேட் கிடைத்திருக்க மாட்டான்.

கீழ்மாடியில் டாக்டர் ரங்கராஜன் இருந்தார். அவரும் நானுமாக எகிப்தியர்களின் குணநலன்களைப் பற்றி ஒரு முழு ஆராய்ச்சியே நடத்தி வந்தோம். ஆதாரம், நபீல். வேறு எகிப்தியர் யாரையும் எங்களுக்குத் தெரியாது.

எகிப்தியர்கள் டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போடுவார்கள். விலை எழுதி வைத்த கத்தரிக்காய்க்கும் பேரம் பேசுவார்கள். குளிக்கும்போது பாடுவார்கள், சுமாராக... இப்படி.

ரங்கராஜன்தான் தலைமை ஆய்வாளர். கப்பலில் வந்தபோது மேல்தளத்தில் நின்று எகிப்தின் போர்ட் சையத் துறைமுகத்தை ஒரு மத்தியானம் பார்த்தவர்.

"எகிப்துக்காரன் எதையும் நேரா சொல்லமாட்டான் ஓய். நைல் நதி மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் வருவான்."

எகிப்துக்குள் நைல் ஏறக்குறைய நேராகத்தான் போகிறது. நான் மேப்பை எடுத்துக் காட்டவில்லை.

நபீலுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வேலையிலிருந்து வந்ததும், கோட்டைக் கழற்றும் முன்பே கேட்பான். "ரகு, அப்பா எப்படி இருக்கார்?"

தினமும். அவன் பார்த்தே இராத என் அப்பாவை.

"லெட்டர் வர ரெண்டு வாரம் ஆகுதுடா. எனக்கே தெரியாது."

"தெரியலைன்னா நல்லா இருக்கார்னு சொல்லு. அதுக்குத்தானே கேக்கறேன்."

நான் சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்பதுதான் விஞ்ஞானம் என்று நினைத்திருந்த வயது.

ஓர் அக்டோபர் வெள்ளிக்கிழமை அவன் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அன்று நிறையச் சமைத்திருந்தான். நான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்ட பிறகு சொன்னான். "தந்தி ஆபீஸ்ல இருந்து ஃபோன். லைன் சரியில்லை. அப்பாவுக்கு லேசா காய்ச்சலாம்."

"காய்ச்சலுக்கா தந்தி அடிப்பாங்க?"

"உங்க வீட்ல பாசம் ஜாஸ்தி."

நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஜான்-டலோன் சந்தைக்கு இழுத்துப் போனான். மத்தியானம் ஒரு காமெடிப் படம். சிரித்தேன்... சத்தமாகவே. திரும்பி நடக்கும்போது, "யோசிச்சுப் பார்த்தா, கடுமையான காய்ச்சல்னுதான் அந்தத் தந்தி ஆபீஸ் பொண்ணு சொன்னாங்க" என்றான்.

ஞாயிறு காலை. நான் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். தந்தி ஆபீஸ் பெண் ஃபோனில் வாசித்ததை அவன் கையால் எழுதியது. டிராஃப்ட்ஸ்மேன் கையெழுத்து, அச்சுப் போல.

அப்பா காலமானார்.

"ரெண்டு நாளா எங்கப்பாவைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சியா?"

"வெள்ளிக்கிழமை தந்தி வரும்போது நீ சாப்பிட்டிருக்கலை."

"அங்க அவரை எரிச்சுட்டு இருந்திருப்பாங்க. நான் இங்க சினிமா பார்த்துச் சிரிச்சுட்டு இருந்தேன்."

"எங்க ஊர்ல வெறும் வயித்துல சொல்லமாட்டாங்க ரகு. மொத்தமாவும் சொல்லமாட்டாங்க."

நான் மூத்த மகன். வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. தம்பிதான் கொள்ளி வைத்திருப்பான். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மாதக் கடைசியில் ஊரின் இன்னொரு கோடிக்கு, லாசாலுக்கு, வீடு மாறிப் போனேன்.

நாற்பதாம் நாள் நபீல் ஒரு பாத்திரத்தோடு வாசலில் நின்றான். அவர்களுக்கு நாற்பது முக்கியம்.

"எங்களுக்குப் பதிமூணோட முடிஞ்சுது" என்றேன். உள்ளே கூப்பிடவில்லை.

பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு, பனியில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். அவன் போன பிறகு எடுத்துச் சாப்பிட்டேன். கோபத்தோடுதான்.

மூன்று வருடம் பேச்சு இல்லை. ரங்கராஜன் ஆராய்ச்சியை முடித்து வைத்தார். "எகிப்துக்காரன்ட்ட தந்தியைக் கொடுக்கப்படாது ஓய்."

பிறகு ஒருநாள் மெட்ரோவில் எதிர் சீட்டில் நபீல். இரண்டு ஸ்டேஷன் போயிற்று.

"ரகு, அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க" என்றேன்.

அம்மாவிடமிருந்து லெட்டர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு தொடர்பு விட்டுப் போகவில்லை. கல்யாணங்கள், குழந்தைகள், முழங்கால் ஆபரேஷன்கள்... அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவன் மகள் மரியம் கூப்பிட்டாள். மொன்ட்ரியாலில் பிறந்தவள், கெய்ரோவை இரண்டே தடவை பார்த்தவள்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் அசதி, அங்கிள்."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியாம்மா என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை. "டாக்டருங்க சரியா பதில் சொல்லமாட்டேங்கறாங்க, அங்கிள்."

வியாழன் மத்தியானம். "அங்கிள், சாப்பிட்டாச்சா?"

சாப்பிட்டிருக்கவில்லை. "லைன்லயே இரும்மா" என்று ஃபோனை மேஜைமேல் வைத்தேன். ஃப்ரிட்ஜில் முந்தின நாள் ரசம் சாதம் இருந்தது. சூடு பண்ணாமல், நின்றபடியே முழுவதும் சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன்.

ஃபோனை எடுத்தேன். அவள் அப்படியே காத்திருந்தாள்.

"சாப்பிட்டேன். சொல்லு."

சொன்னாள்.

போய் வா, நபீல். எங்கப்பாவைப் பார்த்தால் கேட்டதாகச் சொல்.