ஒரு பங்குக்காரி

சாரம் பகுதியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதும் பாக்கியலட்சுமிக்கு, கம்பெனிகள் எப்படிப் பணத்தைப் புரட்டுகின்றன என்று தெரிந்துகொள்ள நாற்பது வயதில் ஆசை வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அவள் படித்த பி.காம். அப்படித்தான். அதனால் பல கம்பெனிகளில், கம்பெனிக்கு ஒன்றாக, ஒரே ஒரு பங்கு வாங்கிப் போட்டாள். பங்கு இருந்தால் ஆண்டறிக்கை தபாலில் வீடு தேடி வரும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொதிக்கும்போது அதை விரித்துவைத்துப் படிப்பாள். புரியாததை ஆடிட்டரிடம் கேட்டுத் திட்டு வாங்குவாள். லாபத்தைப் பார்க்காதே, காசு கைக்கு வந்ததா பார் என்பது அந்த மனுஷன் வாயிலிருந்து விழுந்த ஒரே நல்ல வார்த்தை.

2008இல் தம்பி வடிவேல் வேலை பார்த்த பம்ப்செட் கம்பெனியின் அறிக்கை வந்தது. லாபம் ஏறியிருந்தது. ஆனால் சரக்கெல்லாம் கடனுக்குப் போயிருந்தது. வெளியே கடன் வாங்கித்தான் டிவிடெண்ட் கொடுத்திருந்தார்கள். பிள்ளைச்சாவடி மனையை விற்ற பணம் முழுவதையும் வடிவேல் அந்தக் கம்பெனியிலேயே டெபாசிட் போட்டிருந்தான். அவன் மகள் கலைவாணியின் நர்சிங் படிப்புக்கான பணம் அது. அடுத்த மாதம் தவணை முடிகிறது, எடுத்துவிட்டால் தப்பிக்கலாம்.

தம்பியிடம் நேரே சொல்லியிருக்கலாம். சிரிப்பான் என்று பயந்தாள். முதலாளி வாயாலேயே உண்மை வரட்டும் என்று, கல்யாண மண்டபத்தில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குப் போனாள். பாதிப் பேர் ஸ்வீட் பாக்ஸுக்கு வந்த கூட்டம். அதை விநியோகித்துக்கொண்டிருந்ததே யூனிஃபார்ம் போட்ட வடிவேல்தான். அவள் எழுந்து, இவ்வளவு லாபம் இருந்தும் டிவிடெண்டுக்கு ஏன் கடன் வாங்கினீர்கள் என்று கேட்டாள். அம்மாவிடம் எத்தனை பங்கு இருக்கிறது என்று சேர்மன் விசாரித்தார். ஒன்று என்றாள். மண்டபமே சிரித்தது.

"நம்ம வடிவேலு அக்கா சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வடிவேல் அன்று தலை நிமிரவில்லை. தான் உப்பிட்டவரை மறந்தவனில்லை என்று காட்ட, தவணை முடிந்ததும் டெபாசிட்டை இன்னும் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தான். அக்காவோடு பேச்சையும் நிறுத்தினான். அவள் ஓடிப்போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள், திறக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்குள் கம்பெனி கேட்டில் பூட்டு தொங்கியது. டெபாசிட் வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தது. கலைவாணி படிப்பை விட்டு நேரு வீதி ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கப் போனாள். அதற்குப் பிறகுதான் வடிவேல் அக்கா வீட்டுக்கு வந்தான். வைத்த காபியைத் தொடவில்லை.

"நீ கேட்டது சரிதான்க்கா. ஆனா வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா கேட்டுருப்பேன். சபையில இல்ல போயி கேட்ட."

அவன் கேட்டிருப்பான். பாக்கியலட்சுமிக்கு அதுதான் ஆறவே இல்லை.