கலர் கேட்கும் காளியப்பன்

"தனம், இது என்ன?" என்று கேட்கும்போது காளியப்பன் தலையை நிமிர்த்துவதில்லை. மோட்டார் சைக்கிளின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு ஒயரை இரு விரல்களால் இழுத்துப் பிடிப்பார். பக்கத்தில் நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மனைவி தனலெட்சுமி எட்டிப் பார்த்து, "பச்சை" என்பார். "இது?" "சிவப்பு." வேலை நகரும்.

சிம்பாங் ரெங்கம் என்ற சிற்றூரில், செம்பனை லாரிகள் திரும்பும் சாலையோரத் தகரக் கூரைப் பட்டறை அவருடையது. கழற்றிய திருகுகளைச் சட்டைப்பையில் போட்டு மறந்துவிட்டு, துவைக்கிற நாளில் தனலெட்சுமியிடம் திட்டு வாங்குவார். சிவப்பும் பச்சையும் அவருக்குப் பிறவியிலேயே பிரித்துத் தெரியாது. அதை மறைப்பதுமில்லை. "ரம்புத்தான் காயா பழமான்னு எனக்குக் கடிச்சாத்தான் தெரியும்லா" என்று சொல்லிச் சிரிப்பார். சிக்னல் விளக்கில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். ஒயருக்கு மட்டும் தனம் சொல்ல வேண்டும். வந்தவர்கள் யாராவது முந்திக்கொண்டு நிறத்தைச் சொன்னால், காதில் விழாதவர்போல் இருப்பார்.

தனலெட்சுமிக்குப் பல வருடமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். அண்மையில் அது கண்ணைத் தொட்டுவிட்டது. லேசர் சிகிச்சை முடிந்து வந்த பிறகு, வெங்காயத்தில் தோல் மிச்சமிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். பட்டறைக்கு அடிக்கடி போய்வரும் நானே அதைப் பார்த்தேன். காளியப்பன் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

திருட வந்த எவனோ கப்சாய் என்கிற என் சின்ன மோட்டார் சைக்கிளின் சாவித் துவாரத்தில் கம்பியை விட்டுத் திருகி, பூட்டையே கெடுத்துவிட்டான். சாவியோடு கூடிய புதுச் சுவிட்ச் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அசல் அல்ல, வேறு தயாரிப்பு. அதன் பிளக் பொருந்தவில்லை. காளியப்பன் பிளக்கை வெட்டிவிட்டு, நேராக ஒயரோடு ஒயரை முறுக்கிவிடலாம் என்றார்.

"சிவப்பு. கறுப்பு. பச்சை. கடைசி, கறுப்புல வெள்ளைக் கோடு" என்று சுவிட்சின் ஒயர்களைத் தனலெட்சுமி சொன்னார். பிறகு மோட்டாரின் ஒயர்களையும் சொன்னார். சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை என்று நான்கும் சேர்ந்தன. காளியப்பன் டேப் சுற்றினார்.

சாவியைத் திறந்தார். விளக்கு எரியவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். சலித்துப்போய்ச் சாவியை மூடினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒரே உதை, மோட்டார் ஓடியது. திறந்தால் மறுபடி செத்தது.

"அலமாக்! இனிமே பூட்டிட்டுத்தான் ஓட்டணும்போல" என்று நான் சிரித்தேன். காளியப்பனும் சிரித்தார். தனலெட்சுமி சிரிக்கவில்லை.

"நான்தாங்க மாத்திச் சொல்லிட்டேன். கண்ணு போச்சு. இனிமே என்னைக் கேக்காதீங்க."

உரித்ததும் உரிக்காததுமாக வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார்.

காளியப்பன் டேப்பை உரித்துச் சுவிட்சைத் தனியே கழற்றினார். ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு துண்டு ஒயர். சாவியைத் திறந்தும் மூடியும், சுவிட்சின் ஒயர்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்த்தார். எந்த ஜோடி எப்போது சேர்கிறது என்பதைப் பல்பு எரிந்து சொன்னது. நிறத்தைக் கேட்காமலே வேலையை முடிக்கும் வழி இத்தனை வருடமும் அவர் கையில் இருந்திருக்கிறது.

"தனம், இங்க வா. சிவப்பும் கறுப்பும் சாவிய திறந்தாத்தான் சேரணும். இதுல மூடுனா சேருது. செஞ்சவன் வேற கணக்குல கலர் போட்டிருக்கான்லா. நீ சொன்னது சரிதான்."

"எனக்காகச் சொல்றீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "எது சிவப்பு, எது பச்சைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் பாத்தேன்க்கா, சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.

"நீங்களும் அப்படித்தான் சொல்வீங்க."

காளியப்பன் கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்துக் கடையில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா, கக் ரொஸ்னாவைக் கைதட்டிக் கூப்பிட்டார். இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சுவிட்சின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டி, என்ன நிறம் என்று மலாயில் கேட்டார் காளியப்பன்.

"மேரா. ஹித்தாம். ஹிஜாவ்." சிவப்பு, கறுப்பு, பச்சை. நான்காவது, வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு என்றார் ரொஸ்னா. இதற்கா கூப்பிட்டீர்கள் என்பதுபோல் பார்த்துவிட்டு, எண்ணெய் காய்கிறது என்று ஓடினார்.

தனலெட்சுமி வாசலில் வந்து நின்றிருந்தார். அவர் சொன்ன அதே நிறங்கள், அதே வரிசை.

"இப்ப?" என்றார் காளியப்பன்.

தனலெட்சுமி அருகில் வந்து, குனிந்து, அந்த நான்காவது ஒயரை முகத்துக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கோடு கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு," என்றார். "ஆனா தெரியுதுங்க."

பல்பு காட்டிய ஜோடிப்படி காளியப்பன் ஒயர்களை மாற்றி முறுக்கினார். சாவியைத் தனலெட்சுமியே திருகினார். திறந்ததும் ஒரே உதையில் ஓடியது. மூடியதும் நின்றது. இன்னொரு முறையும் திருகிப் பார்த்துக்கொண்டார்.

நான் கிளம்பத் தயாரானபோது காளியப்பன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டு ஒருமுறை. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சோப்பு. குளிர்பெட்டியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து வந்து, "அண்ணாந்து பாரு" என்றார். ஒரு விரலால் மனைவியின் இமையை மெல்ல விலக்கினார். சொட்டு விழும்வரை, தன் கண்களையும் இமைக்காமல் அகலத் திறந்து வைத்திருந்தார்.