குரலைவிட அமைதியான கணினி

பொருள் வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். மாகாண அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு பெட்டி குண்டூசி என்றாலும் மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். விவரக்குறிப்பில் எந்தக் கம்பனியின் பெயரும் வரக்கூடாது. விற்க வந்தவர் மதிப்பீட்டுக் குழுவின் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. இந்த விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்து, யாருக்கும் உதவாத எத்தனையோ பொருட்களை அரசாங்கத்துக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கணக்காய்வில் ஒரு கேள்வியும் வந்ததில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோதுதான் என் மனைவிக்கு ஒரு கணினி வாங்க வேண்டி வந்தது. அதில் அவள் பாட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

அவள் பதுளையில் ஆசிரியையாக இருந்தவள். எங்கள் வீடு ஹாலிஎலைக்கு மேலே, தேயிலை முடிந்து வீடுகள் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. கீழே தோட்டத்து மாரியம்மன் கோயில். வெள்ளிக்கிழமைகளில் அங்கே பஜனையை முதலில் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. முதல் அடியை அவள் எடுத்தால் தகரக் கூரை அதிரும், பிறகுதான் மற்றப் பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். எனக்குப் பக்தி அவ்வளவு போதாது. முற்றத்தில் நாற்காலி போட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன். தேயிலைக்கு மேலாக அந்தக் குரல் ஏறி வரும்போது பத்திரிகையை மடித்து வைத்துவிடுவேன். அதற்கு மேல் செய்தி எதுவும் தேவைப்பட்டதில்லை.

பிறகு அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சையில் குரல் பாதிக்கப்படலாம் என்று வைத்தியர் முதலிலேயே சொல்லியிருந்தார். சில வாரங்களில் குரல் திரும்பி வந்தது, மிகச் சிறியதாக. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. மீன்காரரிடம் விலை பேச அது போதும். கோயிலில் ஆர்மோனியத்துக்குக் கீழே அது இருக்குமிடமே தெரியவில்லை. "நீங்க சும்மா உக்காந்து கேளுங்கக்கா, தொண்டைய சிரமப்படுத்தாதீங்க" என்று பெண்கள் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். வம்புக்குச் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அன்புக்குப் பதில் இல்லாததால் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் காலத்தில் மத்தியானத் தூக்கத்தில் எனக்குப் பழைய குரல் கேட்கும். பனிமூட்டம் தேயிலைச் சரிவில் ஏறுவது போல அது படிப்படியாக மேலே வரும். முற்றத்தைத் தொட்டதும் விழித்துக்கொள்வேன். சமையலறையில் அவள் போஞ்சி நறுக்கும் சத்தம் மட்டும் இருக்கும். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை தபாலில் ஒரு பெட்டி வந்தது. என்னைக் கேட்காமல், ஒரு கடையிலும் விலை விசாரிக்காமல், இணையத்தில் அவளே வாங்கியிருந்தாள்.

"என்ன இது?"

"மைக்கு."

"எதுக்கு?"

"வாய்க்குக் கிட்ட வெச்சுப் பாடுறதுக்கு. சின்னக் கொரலையும் புடிச்சுக்குமாம். தம்புரா, தாளமெல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாமாம். வீட்டுலயே பாடி வெச்சுக்கிட்டா யாருக்கும் சிரமம் இல்ல பாருங்க."

வீட்டில் ஒரு பழைய மேசைக் கணினி இருந்தது. அதில் ஒலிவாங்கியைச் செருகி, கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். பிறகு போட்டுக் கேட்டோம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் கூடத்தில் பெரிய விசிறிகளுக்கு நடுவே நின்று யாரோ பாடுவது போல இருந்தது. கணினிக்குள் ஓடும் சின்ன விசிறியின் இரைச்சல்தான் அது. ஒலிவாங்கி சின்னக் குரலைப் பிடித்தது உண்மை. அதைவிடப் பெரியதாக விசிறியையும் பிடித்திருந்தது.

அவள் கடைசிவரை கேட்டாள்.

"கோயில்ல ஆர்மோனியம். இங்க இது."

ஒலிவாங்கியைப் பழைய சால்வை ஒன்றில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். எங்கள் அலுமாரிக்குள் போன பொருள் திரும்பி வந்த வழக்கம் இல்லை. இந்த முறை உள்ளே போனது ஒலிவாங்கி மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். இரண்டு பக்கத்துக்கு விவரக்குறிப்பு எழுதினேன். செயலியின் வேகம், நினைவகத்தின் அளவு, சேமிப்பகம், செருகும் துளைகள் எத்தனை, முப்பத்திரண்டு குரல்களை ஒரே நேரத்தில் தடுமாறாமல் கையாளும் திறன். இணையத்தில் பாட்டுத் தயாரிப்புப் பாடம் நடத்தும் இளைஞர்கள் எல்லோரும் பலம் வேண்டும், இன்னும் பலம் வேண்டும் என்றே சொன்னார்கள். பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் விலைகள் வந்தன. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோர்த்து அவளிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பரீட்சைத் தாள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு. நான் எங்க இருக்கேன்?"

"வெளங்கல."

"முப்பத்திரண்டு பேரு பாடுறதுக்கு எழுதியிருக்கீங்க. பாடப்போறது ஒருத்தி. அவளுக்குக் கொரல் பத்தாது. அதவிடச் சத்தம் கொறஞ்ச மெஷின் வேணும். அந்த ஒரு வரியத் தவிர எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க."

நான் வாழ்நாள் முழுவதும் விவரக்குறிப்பு எழுதியவன். தாள்களை வாங்கிக்கொண்டேன்.

கணினி எவ்வளவு சத்தம் போடும் என்று விலைப்பட்டியல் எதிலும் இல்லை. ஆகவே கேட்டுப் பார்க்கப் பதுளை பஜாருக்குப் போனேன். பதுளை பஜாரில் ஒரு கணினியின் மூச்சைக் கேட்க நினைப்பவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். பஸ் நிலையத்தில் கொண்டக்டர்கள் கூவுகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாண் விற்கும் வண்டி இசையோடு போகிறது. லொத்தர் சீட்டு விற்பவர் ஒலிபெருக்கியில் எல்லோரையும் கோடீஸ்வரர் ஆக்கிக்கொண்டிருக்கிறார். நான் கடை கடையாக ஏறிக் கணினிகளில் காதை வைத்தேன். ஒரு கடையில் எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பக்குவமாக விசாரித்தார்கள்.

கடைசியாக, முன்பாதியில் சேலையும் பின்பாதியில் கணினியும் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். முதலாளியின் பாட்டனார் காலத்துத் துணிக்கடை அது. முதலாளிக்கு மீசை நரைத்துவிட்டது.

"இது சத்தமே போடாதுங்க ஐயா."

"நீங்க பேசுறதே எனக்குக் கேக்கல முதலாளி. இது போடாதுன்னு எப்படி நம்புறது?"

"அதுக்கு? பஸ்ஸ எல்லாம் நிப்பாட்டச் சொல்லவா?"

"வீட்டுக்குக் கொண்டு வாங்க. கேட்டுப் பாத்து எடுக்கிறேன்."

"பொண்ணு பாக்கப் போற மாதிரி கம்ப்யூட்டர் பாக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். யாருக்குங்க?"

சொன்னேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. என் மனைவியிடம் படித்தவராம்.

"டீச்சருக்கா? ஞாயித்துக்கெழம வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேனில் இரண்டு கணினிகளோடு வந்தார். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் வைத்தேன். முதலில் மேசைக் கணினி. கறுப்பு, உள்ளே நீல வெளிச்சம். என் இரண்டு பக்க விவரக்குறிப்பில் எந்த வரியிலும் தவறாதது. அதை முடுக்கிவிட்டு மூவரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அப்படி ஒரு பின்னேரத்தை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை. முதலில் முற்றத்து ஓரக் கானில் ஓடும் தண்ணீர் கேட்டது. பிறகு யூகலிப்டஸ் இலைகளிலிருந்து பனிநீர் சொட்டுவது. எங்கோ ஒரு செம்போத்து. தோட்டத்து லயத்து வீடுகளில் யாரோ ஒருத்தி பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அது வராததால் இன்னொரு முறை, இழுத்து, ஏறக்குறைய பாட்டாகவே கூப்பிட்டாள். எங்கள் வீடு இவ்வளவு சத்தங்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கிறது என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் என் சொந்த மூச்சும் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

"பாத்தீங்களா, சத்தமே இல்ல" என்றார் முதலாளி, கிசுகிசுப்பாக.

நான் தலையாட்டினேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"சும்மா இருக்கிறப்ப யாருதான் சத்தம் போடுவா? வேலை குடுத்துப் பாருங்க. இது ஒங்க பழைய ஆபீஸ் இல்ல."

அலுமாரியைத் திறந்து சால்வையைப் பிரித்தாள். முதலாளி ஒலிவாங்கியைச் செருகித் தம்புராவையும் தாளத்தையும் கணினியில் ஏற்றினார். அவள் பாடத் தொடங்கினாள். சிகிச்சைக்குப் பிறகு அயலார் ஒருவர் முன்னால் அவள் பாடியது அதுதான் முதல் தடவை. முதல் அடியில் குரல் மட்டும் இருந்தது. இரண்டாம் அடியில் கணினிக்குள் ஏதோ அசைந்தது. வேலை கூடக்கூட அதன் விசிறி வேகம் எடுத்தது. மூன்றாம் அடியில் அது அவளோடு சேர்ந்துகொண்டது, நான்காவதில் அவளைத் தாண்டிப் போனது.

அவள் நிறுத்தினாள்.

"அதுவும் பாடுது" என்றாள். "கொரல் நல்லாத்தான் இருக்கு அதுக்கு."

முதலாளி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒலிவாங்கியின் வயரைச் சுருட்டத் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"இன்னொண்ணு இருக்கு டீச்சர். ஐயா கேட்ட அளவுக்கு இதுக்குப் பலம் பத்தாது. சும்மா காட்டத்தான் கொண்டாந்தேன்."

மெல்லிய மடிக்கணினி ஒன்று.

"இதுக்குள்ள ஃபேனே கெடையாது. சூடானா தானா வேகத்தைக் கொறச்சுக்கும். கொழும்புக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. வெக்கைக்குக் கொஞ்ச நேரத்துல நடக்கவே மாட்டேங்குதாம்."

அவள் சால்வையைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள். திறந்திருந்த யன்னல் வழியாகப் பனிமூட்டம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"இங்க எங்கப்பா வெக்கை?"

மறுபடி பாடினாள். அந்த இயந்திரம் மேசையில் கிடந்த ஒரு புத்தகம் போல இருந்தது. தம்புராவும் தாளமும் சேர்ந்தன, பாட்டு முடிந்தது, அறையில் அவள் குரலைத் தவிர வேறொன்றும் இல்லை. முதலாளி காதொலிப்பானை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டார். நெடுநேரம் கழற்றவில்லை.

"வகுப்புல கூட இவ்வளவு கிட்டத்துல நான் ஒங்க கொரலக் கேட்டதில்ல டீச்சர்."

"வகுப்புல நீ கடைசி வரிசை வாங்குல தூங்குன."

விவரக்குறிப்பின் பாதி வரிகளுக்குப் பொருந்தாத இயந்திரம். விற்பவர் மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுத் தேநீரையும் குடித்திருக்கிறார். அலுவலகத்தில் இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால் சிவப்பு மையால் எழுதித் திருப்பியிருப்பேன். அன்றைக்கே எடுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு தினமும் காலையில் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முதல் நாளே என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

"நீங்க மூச்சு விடுறது விழுது."

முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன். கதவைத் தாண்டி அவள் குரல் வராது. பாடுகிறாளா, பாட முடியாமல் சும்மா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. மழைக்காலம் முழுவதும் அப்படியே போனது. சில காலைகளில் பனிமூட்டம் முற்றத்தையும் மூடிவிடும். அப்போது வீடே இல்லாத ஓரிடத்தில், சாத்திய ஒரு கதவுக்கு மட்டும் காவல் இருப்பதுபோல் தோன்றும். பாண் வண்டிக்காரரிடம் வளைவிலேயே இசையை நிறுத்தச் சொல்லிவைத்தேன். "வீட்டுல சொகமில்லையா ஐயா?" என்று கேட்டார். "சொகமாகிக்கிட்டு இருக்கு" என்றேன்.

ஒரு நாள் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். உட்காரவைத்துக் காதொலிப்பானை மாட்டிவிட்டாள்.

குரல் காதில் கேட்கவில்லை. தலைக்குள்ளே, எனக்கே சொந்தமான ஓரிடத்தில் கேட்டது. கனவில் வந்த குரல் போல இது சரிவில் ஏறி வரவில்லை. முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, நான் கவனிப்பதற்காகக் காத்திருந்தது போல இருந்தது. நடுவில் எல்ல ஊர்ப் பக்கமிருந்து வரும் ரயில் தூரத்தில் ஒரு தடவை கூவிற்று.

"ரயில் விழுந்திருக்கே" என்றேன்.

"இருக்கட்டும். அது தெனம் போறதுதான."

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவளும் கூடவே குனிந்து கேட்டாள்.

"எவ்வளவு சின்னதா இருக்கு பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. "ஆமா" என்றேன்.

"ஆனா பிசிறு இல்ல. சுருதி எங்கயும் வெலகல. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். ஒடஞ்சு போச்சுன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சிருந்தேன்." கணினியை மூடினாள். "வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறேன்."

"ஆர்மோனியம் இருக்குமே?"

"கொஞ்சம் நிப்பாட்டச் சொல்றேன்."

"மத்தவங்களுக்குக் கேக்கணுமே?"

"கேக்காட்டி கிட்ட வந்து உக்காரட்டும்."

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன், வாசல்வரைக்கும். செருப்புகள் கிடந்த இடத்தில் தூணோடு நின்றேன். அவள் ஆர்மோனியக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் தயங்கிக் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். அவள் கண்ணை மூடினாள், உதடுகள் அசைந்தன. பின்வரிசையில் பேச்சு ஓயவில்லை. பிள்ளைகள் சுண்டலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த ஒரு பெண் பாயோடு நகர்ந்து அவளருகே போனாள். பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர், சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தார்கள். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் நான் நின்ற இடத்திலிருந்து முதுகுகள் மட்டுமே தெரிந்தன, ஒன்றோடொன்று நெருங்கி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.