அக்கரப்பத்தனைக் குளிரில் சோதித்த கிராபிக்ஸ் கார்ட்

எனக்குக் கை சும்மா இருக்காது. ஓடுகிற சாமானைத் திறந்து பார்க்காமல் விட்டதில்லை. தங்கச்சியின் கம்ப்யூட்டர் விஷயத்திலாவது அந்தக் கையைக் கட்டிப்போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கட்டப்போகும் வீட்டை, கட்டி முடித்தது போலவே கம்ப்யூட்டரில் படமாக்கும் வேலையை அவள் தானாகவே கற்றுக்கொண்டாள். கொழும்பில் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. சொந்தக் கம்ப்யூட்டரோடு வர வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஒரு வீட்டின் படத்தை முடித்துக் கொடுத்தால் வேலை நிச்சயம். அக்கரப்பத்தனை மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அப்படி ஒரு வேலைக்கு அதுவரை யாரும் போனதில்லை.

அவள் கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து தருவது, ஹட்டனில் வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்ட். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். அது போதாது என்று முடிவு கட்டியது நான்தான். கார்டின் வேகம், அது இழுக்கும் கரண்ட், ஃபேன் எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் மென்பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பயாஸ் என்பார்கள். அதை வெளியே எடுத்து, எண்களை மாற்றி, திரும்ப எழுதினேன். வேகம் கூடியது. கூடவே ஃபேனின் இரைச்சலும் கூடியது. "என்னடா, மோட்டர் சைக்கிள வீட்டுக்குள்ள ஓட்டுறியா?" என்று அம்மா கத்தினார். அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். லயத்தில் ஒரு வீட்டுச் சத்தம் வரிசை முழுக்கக் கேட்கும். அதனால் ஃபேனை மெதுவாகச் சுற்றும்படி மாற்றி எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோதித்தோம். வெளியே மூடுபனி. நானும் அவளும் ஸ்வெட்டருக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தோம். கார்ட் பெரிதாகச் சூடாகவும் இல்லை, ஒரு தடவைகூட நிற்கவும் இல்லை. "மலை மாதிரி நிக்குது, பயப்படாம போ" என்றேன். அவளும் நம்பிப் போனாள்.

கொழும்பு வெள்ளவத்தையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே அவளுக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. போன மறுநாளே போன் வந்தது.

"அண்ணே, படம் பாதி வருது, அப்புறம் ஸ்கிரீன் கருத்துப் போயிருது."

கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றச் சொன்னேன். அங்கே கரண்ட் சரியில்லை என்றேன். விண்டோஸைத் திரும்பப் போடச் சொன்னேன். சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாள். "நீதான் எதையாச்சும் மாத்தி அமுக்கியிருப்ப" என்றுகூட ஒருமுறை எரிந்து விழுந்தேன். வாரம் இப்படியே கரைந்தது.

கடைசியில் நானே பஸ் ஏறினேன். கொழும்புக் கோட்டையில் ஸ்வெட்டரோடு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் முதுகு தெப்பமாக நனைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் அந்தக் கார்டைக் காப்பாற்றியது எங்கள் ஊர்க் குளிர். இந்த வெக்கையில் நான் மெதுவாக்கிவைத்த ஃபேன் என்ன செய்யும்? குளிரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, அறையின் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பையில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில்தான் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையை, வெட்கத்தை விட்டு அவளிடம் சொன்னேன். பழைய பயாஸை அப்படியே விட்டிருந்தால் மெதுவாகவாவது படம் முடிந்திருக்கும் என்பதையும் சொன்னேன்.

"சரி விடுங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவளே கம்ப்யூட்டருக்கு வயர்களைப் பூட்டினாள். கார்டில் நான் இன்னும் எதையும் மாற்றியிருக்கவில்லை. வெளியே மழை, குளிர்காற்று கதவு வழியாக உள்ளே வந்தது. பாதியில் நின்ற படத்தை மறுபடி ஓடவிட்டாள். ஓரிடத்திலும் நிற்காமல் முடிந்தது. அகலமான முற்றம், பெரிய ஜன்னல்கள், தரையில் விழும் வெயில் என்று அவள் நினைத்தபடியே அந்த வீடு வந்திருந்தது. அம்மாகூடக் கிட்ட வந்து பார்த்தார்.

தங்கச்சி வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இத இப்ப யாருக்கு அனுப்புறது?"