சம்பந்தியின் காலைக் கட்டிக்கொண்ட மணி

எங்கள் ஊர் சுருளிப்பட்டி. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் காலைக் கட்டிக்கொண்டு மேலே ஏறுவது எங்கள் நாய் மணியின் பழக்கம். மகளின் மாமனார் வந்த அன்றும் அதையே செய்தது. நாங்கள் கத்தி இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"என்ன மாப்ள, மணிக்கும் ஒரு பொண்ணு பாத்துருவோமா?" என்று சம்பந்தி என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நான் வெட்கத்தில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

"நாளைக்கு இத மயிலாடும்பாறைப் பக்கம் விட்டுட்டு வந்துருறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

விடிந்ததும் முந்திக்கொண்டு மணியைக் கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "கால்ல... வந்து..." என்று இழுத்தேன்.

"ஏறுறானாக்கும்?" என்று அவரே கேட்டார். சோதித்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்ல. ஆள் வந்த குதூகலத்துலயும் நாய் இப்படிச் செய்யும். நீங்க கூப்பாடு போட்டா, வெளையாடுறாகன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் ஏறும்" என்றார்.

இப்போது விருந்தாளி வருவதற்கு முன்பே மணியைத் திராட்சைத் தோட்டம் வரை நடத்திக் கூட்டிவருகிறேன். வந்தவர்கள் உட்காரும்வரை பின்கட்டில் கட்டிவைக்கிறேன். அடங்கிய பிறகுதான் அவிழ்க்கிறேன். ஏறப் பார்த்தால் சத்தம் போடாமல் விலக்கி, உட்காரச் சொல்லி, கருவாட்டுத் துண்டு கொடுக்கிறேன்.

மணி பழகிவிட்டது. கத்தாமல் இருக்கத்தான் என் வீட்டுக்காரர் இன்னும் பழகவில்லை.