கவிழ்த்து வைத்த ஜாடிகள்

போன ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். கல்யாணம் இல்லை... கண்காட்சி! சுற்றுவட்டாரக் கலைஞர்களின் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கியது அடியேன். இதற்கு க்யூரேட்டர் என்று பெயர். என் மாமனார் மட்டும் இன்றுவரை ‘மாப்பிள்ளை படம் மாட்டுகிறார்’ என்றுதான் சொல்லிவருகிறார்.

பெண்ணாடத்துக்காரர் ஒருவர் கரும்பு டிராக்டரைப் பின்பக்கமிருந்து வரைந்திருந்தார். டிராக்டரே தெரியாது, படம் முழுக்கக் கரும்பு. அதன் பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்டு தவித்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு அசலான ஓவியம் என்று!

ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை உள்ளூர்க் கலைஞர் கவிதாவின் பீங்கான் ஜாடிகள். சூளையில் விரிசல் விட்டுக் கழிக்கப்பட்ட ஊறுகாய் ஜாடிகளைக் குப்புறக் கவிழ்த்து, உள்ளே பல்ப் எரியவிட்டிருந்தார். விரிசல் வழியே கோடு கோடாக வெளிச்சம். என்ன அழகு... அசந்துபோனேன்.

ஒரே ஒரு ஜாடி மட்டும் எரியவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஸ்விட்சை அணைத்து இரண்டு முறை பல்ப் மாற்றி, ஜாடியைக் கவிழ்த்தபின் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம்.

கவிதாவுக்கு அந்தக் கவலையே இல்லை. கண் வாசலிலேயே இருந்தது. அவருடைய அம்மா செல்வராணிக்கு ஜாடி கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. தட்டிப் பார்த்து, ‘டொக்’ என்று கேட்டால் கழித்துவிடுவார். கழித்ததை மகள் வீட்டுக்குத் தூக்கிவந்ததில் அம்மாவுக்குக் கோபம். “நான் வேணாம்னு போட்டத நீ மேடையில வெச்சா, என் வேலைக்கு என்னடி மரியாதை?” என்று கேட்டுவிட்டாராம். வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாராம்.

“ஊரே பாராட்டுது சார். அம்மா வரலன்னா எனக்கு இது ஒண்ணுமே இல்ல” என்றார் கவிதா.

சாயங்காலம் அம்மா வந்தார். ஞாயிறும் ஷிப்டாம்; வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார், புடவையில் மண் தூசி. ‘தொடாதீர்கள்’ என்று நான் எழுதி வைத்த போர்டைத் தாண்டிப் போய், விரலை மடக்கி முதல் ஜாடியைத் தட்டினார். டொக். அடுத்தது, டொக். பீங்கானுக்குப் பேர்போன இந்த ஊரில் ஜாடியைத் தட்டாமல் யாரால் சும்மா இருக்க முடியும்?

அத்தனையையும் எடுத்துக் கீழே வைத்துவிடுவாரோ?

எரியாத ஜாடிக்கு வந்தார். டங்ங்... கோயில் மணி மாதிரி ஒரு சத்தம்.

அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“ஏண்டி, இது நல்ல ஜாடி, கழிச்சதோட கலந்து வந்திருக்கு. இதுல வெளிச்சம் எப்படி வரும்? பாத்து எடுக்க மாட்டியா?” என்றார். பிறகு, மெதுவாக, “நாளைக்கு நானே விரிசல் வுட்டதா ஒண்ணு பாத்து எடுத்தாரேன்.”

கவிதா அழுதுவிட்டார். நான்? பல்ப் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

எத்தனையோ கண்காட்சிகள் நடத்திவிட்டேன். குறையே இல்லை என்பதற்காக ஒன்று கழிக்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்!